தாய்வீடு போகுமுன் பூனைகளுக்குச் செய்ய வேண்டியவை

சென்னைப் புறநகரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 29. தலைச்சன் பிள்ளைக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. இரண்டாம் மாடி வாடகை வீட்டில் கணவர், மாமியார், இரண்டு பூனைகள். மீனு ஆறு வயதுப் பெண் பூனை, கருத்தடை ஆனது. கடுகு மூன்று வயதுக் கறுப்பு ஆண் பூனை, இன்னும் கருத்தடை ஆகவில்லை. இரண்டும் மாடிப்படிக்குக் கீழே குட்டிகளாகக் கிடந்து, இவர் எடுத்து வளர்த்தவை. மூன்றாம் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘டாக்ஸோபிளாஸ்மா ஐஜிஜி பாசிடிவ், ஐஜிஎம் நெகடிவ்’ என்று வந்திருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா, பூனை மலம் வழியாகவும் பரவும் ஒரு நுண்கிருமி; ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் அதை எதிர்க்க ரத்தத்தில் உண்டாகும் புரதங்கள். ஆய்வகத்தில் ஒருவர் “வீட்டில் பூனை இருக்கிறதா?” என்று கேட்க, வீட்டில் அன்றே கலவரம். அன்றிலிருந்து பூனைகள் பால்கனியில். இவரும் அவற்றைத் தொடுவதில்லை.

போன வாரம் கடுகு எப்படியோ உள்ளே புகுந்து, குழந்தைக்காக வாங்கி வைத்திருந்த துணிப்பையின் மேல் சிறுநீர் பீய்ச்சிவிட்டது. “பிறப்பதற்கு முன்பே இவ்வளவு பொறாமை என்றால் பிறந்த பிறகு என்ன செய்யும்?” என்று கேட்கிறார் மாமியார். பூனை முடி நெஞ்சில் போய்க் குழந்தைக்கு வீசிங் வரும் என்றும், மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டால் இரண்டும் பிழைத்துக்கொள்ளும் என்றும் சொல்கிறார். கணவர் “நீயே முடிவு செய்” என்று ஒதுங்கிக்கொண்டார். மூன்று வாரத்தில் வளைகாப்பு. அது முடிந்ததும் திருவாரூர்ப் பக்கம் தாய்வீடு. குழந்தைக்கு மூன்று மாதம் ஆன பிறகுதான் சென்னை திரும்புவார். “பூனைகளை வைத்துக்கொண்டால் என் குழந்தைக்கு நானே கெடுதல் செய்தவள் ஆவேனா? அனுப்பிவிட்டால் அந்த இரண்டு உயிர்களுக்குத் துரோகம் செய்தவள் ஆவேனா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதில், பிறகு விளக்கம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பூனைகளை அனுப்ப வேண்டிய காரணம் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போது வைத்திருப்பதுபோல் பால்கனியில் தள்ளி வைத்துக்கொண்டே போனால், குழந்தை வரும்போது உண்மையாகவே ஒரு பிரச்சினை உருவாகியிருக்கும். உங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது. அது போதும்.

நான் கால்நடை மருத்துவன். பூனைகளைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். உங்கள் கர்ப்பத்தைப் பொறுத்தவரை மகப்பேறு மருத்துவரின் சொல்லே முடிவானது. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்த ரத்தப் பரிசோதனை

ஐஜிஜி என்பது பழைய தொற்றின் தடம். ஐஜிஎம் பெரும்பாலும் புதிய தொற்றில் தெரிவது. மூன்றாம் மாதத்திலேயே ஐஜிஜி இருந்து ஐஜிஎம் இல்லை என்றால், அந்தக் கிருமி எப்போதோ, அநேகமாகக் கருத்தரிப்பதற்கு முன்பே, உங்கள் உடலுக்குள் வந்திருக்கிறது. அதற்கான எதிர்ப்புச் சக்தியும் உண்டாகிவிட்டது என்று பொருள். குழந்தைக்கு ஆபத்து வருவது, கர்ப்பமாக இருக்கும்போது தாய்க்கு முதன்முறையாகத் தொற்று ஏற்பட்டால்தான். பழைய தொற்று உள்ள தாயின் குழந்தை, தாய்க்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோயோ மருந்தோ இல்லாதவரை, பொதுவாகப் பாதுகாப்பாகவே இருக்கிறது. நீங்கள் எந்தத் தாளைப் பார்த்துப் பயந்தீர்களோ, அது நல்ல செய்தியைத்தான் சொல்கிறது. அதே தாளை மகப்பேறு மருத்துவரிடம் நீட்டி, “இது பழைய தொற்றுதானா, வேறு பரிசோதனை தேவையா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஆய்வக ஊழியரின் கேள்வியை மருத்துவரின் முடிவாக எடுத்துக்கொண்டு நான்கு மாதம் கழித்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கூடுதலாகக் கவனம் தேவைப்படுவது, இரண்டுமே நெகடிவ் என்று வந்த கர்ப்பிணிகளுக்கு. அவர்களுக்கும் பூனையைத் துரத்துவது தீர்வாகாது. டாக்ஸோபிளாஸ்மா பூனையின் முடியிலோ மூச்சிலோ இல்லை, மலத்தில்தான் வெளியேறுகிறது. அதுவும் ஒரு பூனை முதன்முறை தொற்றுக்கு ஆளாகும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான் பொதுவாக வெளியேற்றும். வெளிவந்த மலம் உடனே தொற்றாது. ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை கிடந்து முற்றிய பிறகே தொற்றும். எனவே மணல் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தாலே பெரும்பகுதி ஆபத்து போய்விடும். எலி பிடிக்காமல், பச்சை இறைச்சி தின்னாமல், வீட்டுக்குள்ளேயே உலர்தீனியும் வேகவைத்த மீனும் சாப்பிடும் பூனைக்கு இந்தத் தொற்று வருவதே அரிது.

ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2000-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. தொற்றுக்கு ஆளானவர்களில் பெரும்பங்கினருக்குக் காரணமாகத் தெரிந்தது சரியாக வேகாத இறைச்சி. அடுத்து, மண்ணில் கை வைப்பது. பூனையோடு பழகுவது காரணமாகத் தெரியவில்லை. ஆட்டுக்கறியை நன்றாக வேகவைப்பது, கறி நறுக்கிய பலகையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, கீரையையும் கொத்தமல்லியையும் அலசி எடுப்பது, தொட்டிச் செடிக்கு மண் கிளறினால் கையுறை போடுவது: இவற்றைத்தான் எந்தக் கர்ப்பிணிக்கும் நான் சொல்வேன்.

கடுகுக்குப் பொறாமை இல்லை

பிறக்காத குழந்தையின் மேல் பூனை பொறாமைப்பட வழியே இல்லை. அது பையின் மேல் என்ன செய்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். உட்கார்ந்து குளம்போல் சிறுநீர் கழித்ததா? அல்லது பைக்கு முதுகைக் காட்டி நின்று, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, வால் நுனி நடுங்க, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு கொஞ்சமாகப் பீய்ச்சியதா? ‘பீய்ச்சிவிட்டது’ என்று நீங்கள் எழுதியிருப்பதால் இரண்டாவதாகத்தான் இருக்கும். அது எல்லை குறிப்பது. கருத்தடை ஆகாத ஆண் பூனை, பால்கனியிலிருந்து நாள் முழுக்கத் தெருப் பூனைகளைப் பார்த்துக்கொண்டு, தன் வாசம் படிந்த சோபாவையும் கட்டிலையும் இழந்து, நான்கு மாதத்துக்குப் பிறகு உள்ளே வந்து பார்க்கிறது. கடை வாசம் மாறாத ஒரு புதிய பை நடுவில் இருக்கிறது. அதன்மேல் தன் வாசத்தைப் பூசிவிட்டது. அதற்குள் யார் துணி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

இதற்கு இரண்டு வேலை. இந்த வாரமே கடுகுக்குக் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். ஆண் பூனைக்கு அது சிறிய அறுவை, பத்து நாளில் ஆறிவிடும். ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதன் பிறகு பெரும்பாலான ஆண் பூனைகள் பீய்ச்சுவதை நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் குழந்தையோடு திரும்புவதற்குள் போதுமான காலம் இருக்கிறது. தனியார் மருத்துவமனை செலவு அதிகம் என்று பட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள்.

இரண்டாவது, அந்த இடத்தை ஃபினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். நம் வீடுகளில் இது பெரிய தவறு. ஃபினால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் முறித்து வெளியேற்ற முடியாது. காலில் ஒட்டியதை நக்கினாலே நஞ்சாகும். சலவைத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரில் துடைத்து, நல்ல நீரில் அலசி, வெயிலில் காயவிட்டால் போதும்.

முதல் அதிர்ச்சி நீங்கள் கிளம்புவது

இந்த ஊர் வழக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் பெண் மாதக்கணக்கில் வீட்டில் இருக்க மாட்டாள். பூனையைக் குழந்தைக்குப் பழக்குவது பற்றி எழுதுகிற பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. மீனுவுக்கும் கடுகுக்கும் முதல் மாற்றம், சாப்பாடு போட்டவள் ஒரு நாள் பெட்டியோடு கிளம்பிப் போவது. அதைத் தாங்குகிற பூனை, ஐந்தாறு மாதம் கழித்து வரும் குழந்தையையும் தாங்கிவிடும். பூனை இடத்தையும் நேரத்தையும் வாசத்தையும் நம்பி வாழும் பிராணி. எல்லா மாற்றமும் ஒரே நாளில் வந்து விழுந்தால் நிலைகுலையும். அதே மாற்றங்களைத் தனித்தனியாக, இடைவெளி விட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும்.

முதலில் அவற்றைப் பால்கனியிலிருந்து உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டாம் மாடிப் பால்கனிக்கு வலை இல்லையென்றால் விழுந்து கால் முறிந்து, தாடை உடைந்து எங்களிடம் வரும். அவற்றைத் தொடுங்கள், தடவுங்கள், பிறகு கை கழுவிக்கொள்ளுங்கள். அடுத்து, சாப்பாடும் மணல் தட்டும் இன்றிலிருந்து உங்கள் கணவரின் வேலை. முதல் வாரம் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், அவர் போடட்டும். பிறகு நீங்கள் அந்த நேரத்தில் வேறு அறையில் இருங்கள். காலை ஏழு, இரவு எட்டு என்று அவரால் தினமும் முடிகிற நேரத்தை இப்போதே வையுங்கள். நீங்கள் இல்லாதபோதும், குழந்தை வந்த பிறகும் அந்த நேரம் மாறக் கூடாது. ‘நீயே முடிவு செய்’ என்று சொன்னவரிடம் இந்தப் பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு பூனைகளுக்கும் ஒரு குழந்தைக்கும் அவரும் பொறுப்பு.

குழந்தைக்கென்று ஒதுக்கப்போகிற அறையைத் தீர்மானியுங்கள். அதன் வாசலில் கொசுவலைக் கதவு ஒன்று மாட்டச் சொல்லுங்கள். முழுக் கதவை அடைத்தால் பூனை அதைப் பிறாண்டிக்கொண்டு கத்தும். வலைக் கதவு வழியே பார்க்கும், கேட்கும், மோந்து பார்க்கும். உள்ளே போக முடியாது. நீங்கள் கிளம்புவதற்கு முன்பே அந்தக் கதவு மூடியிருக்கப் பழக்கிவிட்டால், குழந்தைக்கும் அந்தத் தடைக்கும் பூனை முடிச்சுப் போடாது. மணல் தட்டு அந்த அறையில் இருந்தால் தினம் ஓரடி என்று நகர்த்துங்கள். ஒரேயடியாக இடம் மாற்றினால் பழைய இடத்திலேயே தரையில் போகும். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு வைப்பது உத்தமம்; சிறிய வீடென்றால் இரண்டு தட்டாவது தனித்தனி மூலையில் இருக்கட்டும். பீரோவுக்கு மேலோ, சுவரில் ஒரு பலகை அடித்தோ, இரண்டும் ஏறி உட்கார உயரமான இடம் கொடுங்கள். தவழும் குழந்தையிடமிருந்து தப்ப அதற்கு அந்த இடம் பின்னால் தேவைப்படும்.

கிளம்பும்போது நீங்கள் உடுத்திக் கழற்றிய பழைய நைட்டி ஒன்றைத் துவைக்காமல் அவை படுக்கும் இடத்தில் போட்டுவிட்டுப் போங்கள். பூனைகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போகும் யோசனை வேண்டாம். அறியாத ஊரில் கதவு திறந்த நொடியில் ஓடி ஒளிந்து காணாமல் போன பூனைகளைத் தேடி அழுதவர்கள் என்னிடம் பலர் வந்திருக்கிறார்கள்.

இந்த மூன்று வாரத்தில் மருத்துவ வேலையும் முடிந்துவிட வேண்டும். ராபீஸ் தடுப்பூசி இரண்டு பூனைகளுக்கும் நடப்பில் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். நாயைப் போலவே பூனையும் அந்த நோயைப் பரப்பும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து. தெள்ளுப்பூச்சி இருந்தால் பூனைக்கென்றே உள்ள மருந்து மட்டும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனையைக் கொன்றுவிடும். காதோரம், முகம், பாதங்களில் வட்டமாக முடி கொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். படர்தாமரையாக இருந்தால் குழந்தைக்கும் தொற்றும், முன்கூட்டியே குணப்படுத்திவிடலாம். நகத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டக் கணவர் கற்றுக்கொள்ளட்டும்.

நீங்கள் இல்லாத மாதங்களில்

குழந்தை பிறந்த பிறகு கணவர் பார்க்க வருவாரல்லவா? திரும்பும்போது குழந்தை போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைத் துணிப்பையில் வைத்துக் கொடுத்தனுப்புங்கள். பால்வாடையும் எண்ணெய் வாசமும் அதில் இருக்கும். அதைப் பூனையின் மூக்கில் கொண்டுபோய் வைக்காமல், தரையில் போட்டுவிட்டு விலகிவிட வேண்டும். கடுகு மெல்ல வரும், கழுத்தை நீட்டி மோந்து பார்க்கும், மேலுதட்டைச் சுருக்கி வாயைப் பாதி திறந்தபடி ஓரிரு நொடி அப்படியே நிற்கும். முகம் சுளிப்பதுபோல் தோன்றும். வெறுப்பு என்று நினைக்காதீர்கள். அண்ணத்தில் உள்ள வாசனை உறுப்புக்கு அந்த வாசத்தை இழுத்து அது படித்துக்கொண்டிருக்கிறது. அப்போது பக்கத்தில் பிடித்த தின்பண்டம் ஒன்றை வைத்தால் போதும். அடுத்தடுத்த முறை சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே சட்டையைப் போடலாம்.

குழந்தை அழுவதைக் கைபேசியில் பதிவு செய்து அனுப்புங்கள். சாப்பாட்டு நேரத்தில் காதில் விழுந்தும் விழாமலும் வைத்து, நாள்பட நாள்பட ஒலியைக் கூட்ட வேண்டும். காது பின்னால் மடிந்தாலோ, சாப்பாட்டை விட்டு விலகினாலோ மறுநாள் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

கணவர் மிகக் கூர்ந்து பார்க்க வேண்டியது கடுகின் மணல் தட்டை. ஆண் பூனைக்கு மன அழுத்தத்தில் சிறுநீர்ப்பை வீங்கி, குழாய் அடைத்துக்கொள்வது உண்டு. தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகும், முக்கும், முனகும், சொட்டுகூட வராது, குறியை நக்கிக்கொண்டே இருக்கும். மலச்சிக்கல் என்று நினைத்து மறுநாள் பார்க்கலாம் என விட்டுவிடுகிறார்கள். ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். இரவானாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை அது. அதேபோல் எந்தப் பூனையும் முழுதாக ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் மருத்துவரைக் கேட்க வேண்டும். பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும், குறிப்பாகப் பருத்த பூனைக்கு.

முடியும் வீசிங்கும்

உங்கள் மாமியாரின் இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. பாதி உண்மை இருக்கிறது. பூனையால் ஒவ்வாமை வருகிறவர்கள் உண்டு. அதற்குக் காரணம் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் இருக்கும் ஒரு புரதம். நக்கி நக்கி முடியில் ஒட்டி, காய்ந்து தூசியாகப் பறக்கிறது. முடி நெஞ்சில் போய்ச் சேர்வதால் வீசிங் வருவதில்லை. பூனை இருக்கும் வீட்டில் பிறந்தாலே ஒவ்வாமை வரும் என்பதும் நிறுவப்படவில்லை. 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான டெட்ராய்ட் பகுதி ஆய்வில், முதல் ஆண்டில் இரண்டோ அதற்கு மேலோ நாய் பூனைகளுடன் வளர்ந்த குழந்தைகளிடம் ஆறேழு வயதில் ஒவ்வாமை குறைவாகவே காணப்பட்டது. எல்லா ஆய்வுகளும் இதேபோல் சொல்லவில்லை. அதனால் ஒவ்வாமை வராமலிருக்கப் பூனை வளருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வளரும் பூனையைத் துரத்த இது காரணமாகாது என்று மட்டும் சொல்வேன். உங்களுக்கோ கணவருக்கோ ஆஸ்துமா இருந்தால் குழந்தை மருத்துவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். பூனைகள் குழந்தையின் அறையில் படுக்காமல் இருப்பதும், தரையை ஈரத்துணியால் துடைப்பதும் அந்தத் தூசியைக் குறைக்கும்.

வீசிங்கைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் வீட்டில் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை போடுவது வழக்கமா என்று மாமியாரைக் கேளுங்கள். மூடிய அறையில் அந்தப் புகை, பூனை முடியைவிடக் குழந்தையின் நுரையீரலுக்குக் கெடுதல். பூனைகளுக்கும் அப்படியே.

குழந்தையோடு திரும்பும் நாள்

ஆரத்தி, உறவினர், அக்கம்பக்கத்தார் என்று அன்று வீடு நிரம்பியிருக்கும். பூனைகளைச் சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டோடு ஓர் அறையில் வைத்துவிடுங்கள். கூட்டம் கலைந்த பிறகு, குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் மட்டும் வெறுங்கையோடு அவற்றிடம் போங்கள். ஐந்தாறு மாதம் கழித்துப் பார்க்கிறீர்கள். மீனு உடனே உரசலாம், கடுகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். இரண்டும் இயல்புதான்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பூனை தானாக வந்தால் வரட்டும். தூக்கிக் குழந்தையின் முகத்துக்கு நேரே காட்ட வேண்டாம். சீறினால் அதட்டாதீர்கள், விலகிப் போக வழி விடுங்கள். அதட்டினால், குழந்தை இருந்தால் திட்டு விழும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். குழந்தை இருக்கும்போது தின்பண்டம் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளட்டும்.

தூளியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பூனைக்குத் தூளியைவிடச் சுகமான படுக்கை இல்லை. கதகதப்பு, பழம்புடவை வாசம், மெல்லிய ஆட்டம். கைக்குழந்தையால் முகத்தின் மேல் படுத்த எதையும் தள்ளிவிட முடியாது. அதனால் குழந்தை தூளியிலோ கட்டிலிலோ தூங்கும்போது வலைக் கதவு மூடியே இருக்க வேண்டும். குழந்தையும் பூனையும் பெரியவர் இல்லாத அறையில் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. குழந்தை இல்லாத நேரத்தில் புடவையை மேலே சுருட்டி முடிச்சுப் போட்டுவிடுங்கள். குடைக் கொசுவலையை நம்ப வேண்டாம். மேலே பூனை குதித்தால் வலை அப்படியே குழந்தைமேல் சரிந்துவிடும்.

இந்தக் கதவின் பொறுப்பை உங்கள் மாமியாரிடம் ஒப்படையுங்கள். பயப்படுகிறவர்தான் கதவை மறக்காமல் மூடுவார். நீங்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு குழந்தையோடு இருக்கப்போவது அநேகமாக அவர். அவர் பயத்துக்கு வீட்டில் ஒரு மதிப்பான வேலை கிடைத்தால், பூனைகள் இருப்பதையும் மெல்ல ஏற்றுக்கொள்வார்.

குழந்தையால் பூனைக்கு வரும் ஆபத்துகளும் உண்டு. ஊசி போட்ட நாளில் குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய விஷம். சிந்தியதை உடனே துடையுங்கள். ‘பூனைக்குக் காய்ச்சல், கொஞ்சம் கொடுத்தால் என்ன?’ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குழந்தையின் கறுப்புக் கயிறு, அரைஞாண் கயிறு, வசம்பு கோத்த நூல் ஆகியவை கழன்று கிடந்தால் பூனை விளையாடி விழுங்கிவிடும். குடலை நூல் சுருக்கிக் கிழித்துவிடும். அறுவை செய்துதான் எடுக்க வேண்டிவரும். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் பூங்கொத்தில் லில்லி இருந்தால் வீட்டுக்குள் வைக்காதீர்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகும்.

குழந்தைக்கு ஒரு கீறல் விழுந்தால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். பூனைக்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் குழந்தைக்கு ஊசி தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். நீங்கள் கர்ப்பமாக இருக்கும்போது உங்களையே கீறினாலும் இதே முறைதான். ராபீஸ் ஊசி கர்ப்பிணிகளுக்கும் போடலாம். போட வேண்டிய இடத்தில் தள்ளிப்போடக் கூடாது.

மீன் மார்க்கெட் யோசனை

இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கிண்ணத்தில் சாப்பிட்டு வளர்ந்த பூனை மீன் மார்க்கெட்டில் பிழைத்துக்கொள்ளாது. அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகளும் நாய்களும் அதை அண்டவிடா. வண்டிச் சக்கரத்தில் அடிபடும், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு காருக்கு அடியில் பட்டினியில் சுருண்டு கிடக்கும். 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, தக்க காரணமில்லாமல் ஒரு பிராணியைப் பசி தாகத்தால் துன்புறும் நிலையில் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு அபராதம் 50 ரூபாயைத் தாண்டாது. தண்டனை சிறியது என்பதால் செயல் சிறியதாகிவிடாது. நீங்கள் தாய்வீட்டில் இருக்கும்போது இது நடந்துவிடுமோ என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். கிளம்புவதற்கு முன் கணவரை உட்காரவைத்து, அம்மா எதிரிலேயே, “என்ன முடிவானாலும் என்னைக் கேட்காமல் பூனைகள் இந்த வீட்டைவிட்டுப் போகக் கூடாது” என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சில வீடுகளில் பூனையைப் பிரிய வேண்டித்தான் வருகிறது. குழந்தைக்குப் பூனையால்தான் மூச்சிரைப்பு என்று மருத்துவர் பரிசோதித்துச் சொன்னால், அல்லது பூனை பயத்தில் திரும்பத் திரும்பத் தாக்கி எந்த ஏற்பாட்டுக்கும் அடங்காவிட்டால், வேறு வீடு தேடுவதில் குற்றமில்லை. உங்களுக்குத் தெரிந்த, ஏற்கெனவே பூனை வளர்த்துப் பழகிய ஒருவரிடம், அவர் வீட்டு ஜன்னலுக்கு வலை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து, தடுப்பூசி அட்டை, பழகிய படுக்கை, பழகிய தீனியோடு கொடுங்கள். முதல் சில வாரம் அவர் ஒரே அறையில் வைத்துப் பழக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்றும் பேசிக்கொள்ளுங்கள். மீனுவும் கடுகும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுக்கிறவை என்றால் இரண்டையும் சேர்த்தே கொடுக்கப் பாருங்கள். இன்று உங்கள் வீட்டில் அந்த நிலை இல்லை. நாளைக் காலை கடுகின் அறுவைக்கு நாள் குறித்துவிட்டு, மகப்பேறு மருத்துவரிடம் அந்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.